அடுத்த அறைச் சத்தம்

ராஜா ஆட்சி முடிந்த புதிது. நாகர்கோவிலில் லேஸ் பின்னும் கூடம் ஒன்றில் நாங்கள் பெண்கள் வேலை பார்த்தோம். திண்டின்மேல் நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவோம். அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

பெருவியாதி என்ற தொழுநோய் குணமாகி ஒருத்தி வேலைக்குத் திரும்பினாள். "அவளுக்க பக்கத்துல நான் இருக்கமாட்டேன்" என்று முதலில் எழுந்தவள் எங்களில் மூத்தவள். காலை ஜெபத்தில் அவள் குரல்தான் உரக்கக் கேட்கும். வந்தவளை அடுத்த அறையில் தனியாக உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். அதன்பின் அவளுடைய குச்சிகள் தட்டுவதை மட்டும் கேட்டோம். ஆளைப் பார்க்காததால் பயம் கூடியது. அவளைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள், அவளுக்குக் காய்ச்சல், வரமாட்டாள் என்று காலையிலேயே தகவல் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். ஆளில்லாத அந்த அறையில் குச்சிகள் தட்டின.

ஒவ்வொருத்தியாகக் கையை நிறுத்தினோம். எங்கள் சத்தம் அடங்கியதும் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒருத்தி ஜெபம் சொல்லத் தொடங்கினாள். எனக்கு எரிச்சல் வந்தது. போய்க் கதவைத் தள்ளினேன்.

நோய்க்காரியின் முக்காலியில், அவளுடைய திண்டை மடியில் வைத்து, எங்கள் மூத்தவள் பின்னிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் இடம் காலியாக இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் அனுப்பவேண்டிய லேஸ் துண்டில் ஒரு பூ பாதியில் நின்றிருந்தது. யாராவது ஏவினார்களோ, தானாகப் பின்வாசல் வழியே போனாளோ, தெரியாது.

அவள் நிமிரவில்லை.

"கதவ அடைக்காத மக்கா. அடச்சாலும் இங்க இருந்தா நாம பேசுறது முச்சூடும் கேக்கு."