இருபத்து நான்கு அங்குல வாசல்

லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். உறவுக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் கழிவறைக் கதவை அளந்துவிட்டு வந்தவர் என்று, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அளந்தது என்னவோ உண்மைதான். அதற்காக அவர் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

வயது ஐம்பத்து மூன்று. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். முப்பது வருஷமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். அந்தரத்தில் தொங்கி வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, தரையில் நிற்கிற யாரைக் கண்டும் அவருக்குப் பயம் கிடையாது.

ஊர் சேவை மன்றத்துக்கு அவர் முதலில் வந்தது சேவை செய்ய அல்ல, சண்டை போட. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பு போன அவருடைய அண்ணனுக்கு மன்றத்திலிருந்து ஒரு நோயாளிக் கட்டில் இரவல் வாங்கியிருந்தார்கள். தலைப்பக்கம் உயர்த்துகிற கைப்பிடி சுற்றவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. மனிதர் நேராக மன்றத்துக்கு வந்து வாசலில் நின்று கத்து கத்தென்று கத்தினார். செயலாளர் ஒரு கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கத்துற நேரத்துல கழட்டிப் பார்த்திருக்கலாமே" என்றார். அன்றைக்குக் கட்டில் கொட்டகைக்குள் போனவர் தன் அண்ணன் கட்டிலோடு இன்னும் ஐந்து கட்டிலைச் சரி செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார். கொட்டகைச் சாவி அன்றிலிருந்து அவர் இடுப்பில்.

மன்றத்தில் இரத்ததானப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், கண் பரிசோதனை நடத்துகிறார்கள், பழைய பாடப்புத்தகம் சேர்க்கிறார்கள். ஆனால் உயிர் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஓட்டை வைத்த கழிவறை நாற்காலி எல்லாம் அங்கேயிருந்து நோயாளி உள்ள வீடுகளுக்குப் போகும். தேவை முடிந்ததும் திரும்பி வரும். திரும்பி வந்ததைக் கழுவிச் சரிபார்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கழுவுவது என்றால் என்னவென்று கழிவறை நாற்காலியைக் கழுவியவர்களுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் மன்றம் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தது. பத்து வீட்டுக்குப் பத்துச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தது, எல்லாம் ஒரே அளவு, சக்கரத்துக்குச் சக்கரம் இருபத்தாறு அங்குலம். மெக்கானிக்தான் எண்ணெய் போட்டு, துடைத்துக் கொடுத்தார். மூன்று மாசம் கழித்து பிரேக் பார்க்கப் போனால், எட்டு வீட்டில் நாற்காலி மேல் துணி காய்கிறது. ஒரு வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. எந்த நாற்காலியும் கழிவறைக் கதவுக்குள் நுழையவில்லை. இத்தனை பேர் சேர்ந்து கொடுத்தோமே, ஒருத்தனுக்காவது கதவை அளக்கத் தோன்றியதா? தனக்கே தோன்றவில்லையே என்பதுதான் அவரைக் குடைந்தது. "முதல்ல வாசலை அளக்கணும், அப்புறம்தான் ஆளை" என்று கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தார்.

இந்த வருஷம் புதுத் தலைவர். சோபாக்கடை வைத்திருப்பவர். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் மேடையில் வைத்துப் பார்த்தால்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். இருபது புது நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கின. மூன்று வாரம் கழித்து விழா, அதுவரை ஒன்றையும் தொடக்கூடாது என்று உத்தரவு. டேப்பை நீட்டிப் பார்த்தார் மெக்கானிக். மறுபடியும் இருபத்தாறு.

அந்த வாரம்தான் பைண்டிங் அம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அச்சகத்தில் முப்பது வருஷம் புத்தகம் தைத்த அம்மா. சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பேக்கரிக்குப் பின்னால் ஒரே அறை வீடு. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். மெக்கானிக் போனபோது அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர், மூடி போட்டு.

"தண்ணி குடிக்கலையாம்மா?"

"அது மத்தியானத்துக்கு. காலையில ஒரு டம்ளர், மத்தியானம் அரை. அதுக்கு மேல குடிச்சா யாரு தூக்கிட்டுப் போறது? மருமகன் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தூக்கிட்டுப் போறாரு. அவரும் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு, நானும் திருப்பிக்கிறேன்."

மெக்கானிக் கழிவறைக் கதவை அளந்தார். இருபத்து நான்கு அங்குலம். பிறகு விழா அழைப்பிதழை எடுத்துக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா அதைப் படிக்கவில்லை, ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"மடிப்பு கோணலா இருக்கு. எங்க அச்சகத்துல இதைக் குப்பையில போடுவாங்க." திருப்பிப் பார்த்தார். "மேடையில வந்து வாங்கிக்கணுமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"மேடைன்னா படி இருக்குமே தம்பி. படி ஏறத் தெரிஞ்சா எனக்கு எதுக்கு நாற்காலி?"

கொட்டகையில் பழைய சக்கர நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை. ஓட்டை வைத்த நாற்காலி இருந்தது, ஆனால் அந்த ஒரே அறையில் அதை வைத்தால் எடுத்துக் கொட்டவும் மருமகன்தான் வர வேண்டும். வெளியே வந்து தலைவருக்கு போன் போட்டார்.

"தலைவரே, ஒரே ஒரு நாற்காலி எடுத்துக்குறேன்."

"இன்னும் பதினெட்டு நாள்தானே? மேடையில வச்சே கொடுத்துடுவோம். அவங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

"அந்தம்மா தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டாங்க."

"அதுக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுக்குப் போகணும் தலைவரே. அதான் சம்பந்தம்."

"புரியுது. ஆனா இருபதுன்னு அழைப்பிதழ் அடிச்சாச்சு. பத்தொன்பது நின்னா நல்லாவா இருக்கும்? உறையப் பிரிக்காதீங்க, போட்டோவுல பளபளன்னு விழணும். என் கடை சோபாவைக்கூட அப்படித்தான் வைக்கிறேன்."

"சோபா கக்கூசுக்குப் போறதில்லையே தலைவரே."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையைத் திறந்தார். முன்வரிசையில் முதலாவதாக நின்ற நாற்காலியின் உறையை நடுவில் கிழித்தார். ஒளித்து எடுக்க வேண்டுமென்றால் பின்வரிசையிலிருந்து எடுத்திருக்கலாம். குறுக்குக் குழாய்களை அறுத்து, சுருக்கி, வெல்டிங் வைத்தார். இருபத்தாறு இருபத்து மூன்றானது. இருக்கைத் துணியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

"துணிதானே? ஊசியக் கொடு. ஐநூறு பக்கப் புத்தகத்தையே தைச்சவ நான்" என்றார் பைண்டிங் அம்மா. தான் உட்காரப்போகும் துணியை, கட்டிலில் இருந்தபடியே மடித்து, இரட்டை நூல் போட்டு இழுத்து இழுத்துத் தைத்தார்.

மாட்டினார்கள். அந்த அம்மா கைகளை ஊன்றி, மூச்சைப் பிடித்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே நகர்ந்தார். உதவிக்கு நீட்டிய கையைத் தட்டிவிட்டார். சக்கரத்தைத் தள்ளினார். கதவுக்கு இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் தெருவுக்கு வந்து நின்றுகொண்டார்.

திரும்ப உள்ளே போனபோது அந்த அம்மா செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்துவிட்டு, "இன்னொரு செம்பு கொடு தம்பி. அதான் போற வழி தெரிஞ்சு போச்சே" என்றார்.

அங்கிருந்தே தலைவருக்குச் செய்தி அனுப்பினார் மெக்கானிக்: எடுத்துட்டேன். அறுத்தும் விட்டேன்.

சனிக்கிழமை அவசரக் கூட்டம். நூலகத்து மாடியறையில் பதினைந்து பேர். தலைவர் சட்டை மடிப்புக் கலையாமல் எழுந்து நின்றார்.

"நல்ல நோக்கமாவே இருக்கட்டும். கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேணுமா வேண்டாமா? புது நாற்காலிய அறுத்திருக்காரு. மன்னிப்புக் கேட்கட்டும், குறிப்பேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இல்லைன்னா சாவியக் கொடுத்துட்டுப் போகட்டும்."

"கேக்க மாட்டேன்" என்றார் மெக்கானிக்.

"ஏன்?"

"தப்புப் பண்ணலை. தப்பு போன வருஷம் பண்ணினோம், பத்து வீட்ல. அதுக்கு வேணும்னா மன்னிப்புக் கேக்குறேன், எல்லாரும் சேர்ந்து கேப்போம். அந்தப் பத்து வீட்டுக்கும் போவோம், வாங்க." டேப்பை எடுத்து மேசையில் வைத்தார். "இல்லைன்னா உங்க வீட்டுக் கக்கூஸ் கதவை அளந்துட்டு வாங்க. இருபத்தாறு அங்குல நாற்காலி உள்ள போச்சுன்னா, சாவி என்ன, சட்டையே கழட்டிக் கொடுத்துட்டுப் போறேன்."

பின்பக்கம் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் முகம் சிவந்தது. "சரி, சாவிய வாங்கிடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

ஏழு கைகள் எழுந்தன. எட்டாவது பாதி வழியில் இருந்தது.

அங்கேதான் டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தார். இந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்குகிறாயோ, அந்த வேலையில் ஒரு பங்கு உன்னுடையது. கை தூக்க ஊர் கூடி, வேலைக்கு ஒருத்தரும் வராத ஒரு காலம் இருந்தது. அப்போது கொண்டுவந்த வழக்கம். புதுத் தலைவருக்கு அது மறந்துபோயிருக்கலாம்.

"எழுதிக்கிறேன்" என்றார் டீச்சர். "சாவிய வாங்கினா கொட்டகை வேலை இவங்களுக்கு. இன்னிக்குக் கழுவ வேண்டிய கழிவறை நாற்காலி ஏழு இருக்கு. சரியா ஆளுக்கு ஒண்ணு. பேரச் சொல்லுங்க."

ஒரு கை தலை சொறிந்தது. ஒரு கை சட்டைக் காலரைச் சரி செய்தது. பாதி வழியில் நின்றது காற்றாடிப் பக்கம் காட்டி, "கொஞ்சம் வேகமா வைக்கலாமே" என்றது. கடைசியில் தலைவர் கை மட்டும் நின்றது. ரோஷக்காரர், இறக்கவில்லை. அந்த மட்டில் மெக்கானிக்குக்கு அவர்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

"ஒண்ணுக்குப் பதினாலு. சாவி அங்கேயே இருக்கட்டும்" என்று டீச்சர் எழுதினார்.

"மன்னிப்பு?" என்றார் தலைவர், கையை இறக்காமலே.

"குறிப்பேட்ட இப்படிக் கொடுங்க டீச்சர்."

மெக்கானிக்கின் எழுத்து அவர் விட்டுவந்த ஏழாம் வகுப்பிலேயே நின்றுபோன எழுத்து. ஒவ்வொன்றாக, அழுத்தி, அறை முழுக்கக் காத்திருக்க எழுதினார். எழுதி முடித்துத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு நாற்காலியை அறுத்தது நான்தான். மீதி பத்தொன்பது இருக்கிறது. வாசலை அளந்துவிட்டு அதையும் அறுப்பேன்."

கீழே கையெழுத்து.

தலைவர் இரண்டு தடவை படித்தார். மெக்கானிக் டேப்பை மேசையிலிருந்து எடுத்தார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு முதல் வீடு. டேப்போட அந்த முனையப் பிடிக்க ஒரு ஆள் வேணும். யாரு வர்றீங்க?"

எப்போதும் கூட்டத்தில் தூங்குகிற தபால்காரர் கை தூக்கினார். இருமினவர் தூக்கினார். அப்புறம் இன்னும் இரண்டு. டீச்சர் ஒரு கையில் பேனாவோடு மறு கையைத் தூக்கிக்கொண்டே பெயர்களை எழுத ஆரம்பித்தார்.

தலைவரின் கை இன்னும் இறங்கவில்லை. டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எந்தத் தீர்மானத்துக்குத் தலைவரே? பழசுக்கா, புதுசுக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் சொன்னார்: "எதுக்கா இருந்தாலும் சரி, பழைய சட்டை போட்டுட்டு வாங்க."