கணினியோடு சேர்ந்து விழித்த காவல்கள்

போர் முடிந்த அடுத்த வருடம் மகள் சென்னையில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வைக் கணினி வழியே முகம் பார்த்து நடத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வுக்கு முதல் நாள் தோழியோடு பேசிப் பரீட்சித்தாள். திரையில் தோழியின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நின்றது. பேச்சு துண்டு துண்டாகப் பின்னால் வந்தது.

"நான் டவுனுக்குப் போய் நெட் கஃபேல பேசுறன் அம்மா."

"அந்த இரைச்சலுக்குள்ளயா? இரி புள்ள. இதைச் சரிப்பண்ணுவம்."

சுனாமி நிவாரணத்துக்காகத் திறந்த ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதை மூடியபோது எனக்குக் கொடுத்த கணினி அது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் புட்டு அவிக்கப் போவேன். புட்டு இறங்கிய பிறகும் அது முழுதாக எழுந்திருக்காது. பழையது, அப்படித்தான் என்று விட்டிருந்தேன்.

கணினி எழும்போது தானாகவே எழும் நிரல்களின் பட்டியலை மகள் திறந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சரி அடையாளம். அவற்றை அங்கே வைத்தது பெரும்பாலும் நான்தான்.

"இதென்ன, பிரின்டர்? எங்களிட்ட பிரின்டரே இல்லையே."

அலுவலகத்தின் பழைய அச்சு இயந்திரத்தை அது இன்னமும் காலைதோறும் தேடிக்கொண்டிருந்தது. அதன் அடையாளத்தை எடுத்தோம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் நான் திரையோரத்தில் போட்டுவைத்த செய்திப் பெட்டிகள், ஒன்று சொல்வதை மற்றது மறுப்பவை, எல்லாவற்றையும் எடுத்தோம்.

"ரெண்டு வைரஸ் காவல் ஏன் அம்மா?"

"ஒண்டு கண்ணயர்ந்தா மற்றது பாக்கும்."

அலைக்குப் பிறகு கடல் வேண்டாமென்று உள்ளே, வாவிக்கு மேற்கே போனோம். அங்கே எறிகணை விழுந்து முகாமுக்குப் போனோம். முகாமில் நானும் அவளுடைய தகப்பனும் மாறி மாறித்தான் தூங்கினோம். கணினிக்கும் அதையே செய்திருந்தேன்.

அவள் சிரித்தாள். "ரெண்டும் ஒண்டை ஒண்டு கள்ளன் எண்டு புடிச்சிக்கொண்டு நிக்குதுகள். அதுதான் இந்தச் சுணக்கம்."

ஒன்றை அடியோடு அகற்றினோம். மிஞ்சியது நிலநடுக்க எச்சரிக்கை. சுமாத்திராப் பக்கம் நிலம் சற்று அசைந்தாலும் அது கத்தும். கத்தினால் பத்திரங்கள் வைத்த பையை வாசலில் வைப்பேன், மகளைச் செருப்புப் போடச் சொல்வேன். ஓயாமல் இணையத்தைத் துழாவி, மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகக் கணினியைப் பின்னால் இழுத்ததும் அதுதான்.

மகள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். "இதை நான் தொட மாட்டன். நீங்களே சொல்லுங்க."

மின்சாரம் போகும் போதெல்லாம் அதுவும் செத்துத்தான் கிடந்தது. அந்த நேரங்களிலும் நான் தூங்கியிருக்கிறேன். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாசலை ஒருதரம் பார்த்தேன். இவள் போய்விட்டால் யாரைச் செருப்புப் போடச் சொல்வேன் என்ற நினைப்பும் வந்தது. நானே அடையாளத்தை எடுத்தேன்.

"மறுகா, நான் போன பிறகு, நீங்க பயந்தா?" என்றாள்.

"பயந்தா நானே திறந்து பாத்திட்டு மூடுறன். அது நாள் முழுக்க முழிச்சிருக்கத் தேவையில்ல. நீ கொம்பியூட்டரை ஓஃப் பண்ணித் திரும்பப் போடு."

தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்குமுன் திரை வந்துவிட்டது.

மறுநாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் குசினியில் நின்றேன், குழாயைக்கூடத் திறக்கவில்லை. கேள்விகள் தெளிவாகக் கேட்டன. கடைசியில் ஓர் ஆண்குரல், வீட்டை விட்டு, இவ்வளவு தூரத்தில் தனியே இருக்க முடியுமா என்று கேட்டது.

ஒரு கணமும் சுணங்காமல் அவள் குரல் வந்தது. "ஓம் சேர், இருப்பன்."

நான் குழாயைத் திறந்து பானையைக் கழுவத் தொடங்கினேன்.