தபால் பெட்டியில் போடாத கடிதம்

அட்டைக்கடிக்குப் பயந்துதான் நான் அதைச் செய்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில், ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று நாங்கள் நான்கு பேர். மாமா பகலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதுவார். தேர்தல் வந்தால் கீழே நாட்டுப்புறத்தில் ஒரே ஆரவாரமாக இருக்கும். எங்கள் லயத்துக்கு ஓட்டுக் கேட்டு ஒரு ஆள்கூட ஏறி வரமாட்டான். எங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே! பிரஜாவுரிமைக்கு மனுப்போட, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று தோட்டத்து ஆபீஸ் எழுதித் தர வேண்டும். கேட்டுப் போகிறவர்களைப் பெரிய கிளாக்கர் "நாளைக்கு வா" என்பார். அந்த நாளை வந்ததே இல்லை. யார் எத்தனை தடவை நடந்தார்கள் என்று மாமா விடாமல் எழுதினார்.

பத்திரிகையில் வருவது புனைபெயர். ஆனால் கடிதத்தின் அடியில் சொந்தப் பெயரும் லய நம்பரும் இருக்கும்.

"பேர் இல்லாட்டி பேப்பர்காரங்க எப்படி நம்புவாங்க புள்ள? ஆனா வெளிய சொல்லமாட்டாங்க. அது அவங்க குடுத்த வாக்கு" என்பார்.

கடைவீதித் தபால் பெட்டியில் அதைப் போடுவது என் பொறுப்பு. தோட்டத்துத் தபால்காரரிடம் மட்டும் கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று அடைமழை. குறுக்குப் பாதையின் புல் முழுக்க அட்டை நெளிந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, மேல் டிவிஷனிலிருந்து தபால்காரர் தோல்பையோடு இறங்கி வந்தார். நல்ல மனிதர். எப்போதாவது எனக்கு டொபி மிட்டாய் தருவார்.

"எங்க புள்ள இந்த மழையில?"

"தபால் பெட்டிக்கு."

"நானும் தபாலாபீசுக்குத்தானே போறேன். குடு இங்க."

கொடுத்துவிட்டேன். அந்தப் பை முதலில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். பெரிய கிளாக்கர் பைக்குள் இருக்கும் தபாலைப் பார்த்துப் பூட்டிய பிறகுதான் தபாலாபீசுக்குப் போகும். எத்தனையோ தடவை கண்ணால் கண்டது, அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவில்லை.

"போட்டியா புள்ள?"

"போட்டேன் மாமா."

"உள்ள விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

நாலைந்து நாளில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டில் வைத்தே மாமாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். லயத்தை விட்டும் போகச் சொல்லிவிட்டார்கள்.

"நான் எழுதுனத வரிக்கு வரி சொல்றாங்க மச்சான்" என்றார் அப்பாவிடம். "பேப்பர்ல இன்னும் வரவே இல்ல. பேப்பர்காரந்தான் என்னைக் காட்டிக் குடுத்துட்டான்."

"புள்ள சரியாத்தான் போட்டுச்சா?"

"அது பாவம், மழையில நனைஞ்சுகிட்டுப் போய் போட்டுச்சு. அத ஏன் இழுக்கிறீங்க?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். மாமா பல்லேகமப் பக்கம் போய், யாருடைய வயலிலோ கூலிக்கு நின்றார். சாகும்வரை ஒரு வரி எழுதவில்லை. எங்கள் லயத்தில் வேறு யாரும் எழுதவுமில்லை. கடைசிவரை நான் அவரிடம் உண்மையைச் சொல்லவே இல்லை.

மாமா லயத்தை விட்டுப் போன மறுமாதம், மாத்தளையிலிருந்து ஒருவர் எங்கள் காம்பராவைத் தேடி வந்தார். பத்திரிகைக்காரர். குறுக்குப் பாதையில் ஏறி வந்திருக்கிறார். இரண்டு காலிலும் இரத்தம் வழிந்தது. வாசலில் நின்று அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டபடி, "கொஞ்ச நாளா அவர்கிட்ட இருந்து கடுதாசியே வரலீங்க. ஏதும் ஆபத்தோன்னு பாத்துட்டுப் போக வந்தேன்" என்றார்.

அப்பா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "செய்யறதையும் செஞ்சிட்டு நடிக்கிறியா?" என்று கதவைச் சாத்தினார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் வந்த வழியே இறங்கினார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா, இனி அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் நம்மைக் கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.