பூட்டைத் தொடாத பூட்டுக்காரர்

பூட்டுக்காரர் ஊரார் வீட்டுப் பூட்டுகளையும் தன் பூட்டாகவே பாவித்துச் சிறைக்குப் போனவர். நன்னடத்தைக்காக, தண்டனை முடியும் முன்பே வெளியே விட்டார்கள். விட்டார்கள் என்றால், கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டார்கள். திங்கட்கிழமைதோறும் கண்காணிப்பு அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் பூட்டையும் தொடக் கூடாது. எது தவறினாலும் மறுபடி சிறைதான்.

ஒரு திங்களன்று அதிகாரி அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றார். கையெழுத்து ஏடு உள்ளே இருந்தது.

"ஏம்பா, உனக்கு இதெல்லாம் ஜுஜுபி. திறந்து விடேன்."

"பூட்டைத் தொட்டா உள்ள போகணும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

"கையெழுத்து போடலைன்னாலும் உள்ளதான்."

"அப்ப நீங்க தொடுங்க. நான் வாயால சொல்றேன்."

பூட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதிகாரி ஒரு கம்பியை வளைத்துப் பூட்டுக்குள் நுழைத்தார்.

"மெதுவா ஐயா. கைதி கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க."

வியர்த்து வழிந்தபின் பூட்டு திறந்தது. கையெழுத்தும் ஆயிற்று. அதிகாரி குரலைத் தாழ்த்தி, மேலதிகாரி அறைப் பூட்டும் இப்படித்தானா என்று விசாரித்தார்.

"வேணாம் ஐயா," என்றார் பூட்டுக்காரர். "உங்க நன்னடத்தை கெட்டுப்போயிடும்."