ஓரகத்தியின் ஒளுத் தண்ணீர்

என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, எதைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். புடவையைப் பார்த்தால் விலை கேட்பாள், குழம்பைப் பார்த்தால் குறை சொல்வாள். அவள் வாயில் வராத ஒரே வார்த்தை மாஷா அல்லாஹ்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் சொல்லித் தருவது அது. நல்லதைக் கண்டால் அல்லாஹ் நாடியது இது என்று சொல்லிவிட வேண்டும், பரக்கத், அதாவது இறையருள், பெருகக் கேட்டு துஆ செய்ய வேண்டும். சொல்லிவிட்டால் பார்த்தவர் கண் பார்க்கப்பட்டவரைத் தீண்டாது. இதற்குக் காசா பணமா? அவளுக்கு அதுகூட மனசு வராது.

போன வருஷம் ரம்ஜானுக்குத் திருப்பதிக்குப் போயிருந்தோம். கணவரின் அண்ணனுக்கு அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களுக்குத் தொப்பி, பை, பொம்மை விற்கிறார். மாமியாரும் அவர்களோடுதான் இருக்கிறார். என் மகள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள், இன்னும் முதல் பிறந்தநாள் வரவில்லை. பெருநாள் கவுனைப் போட்டுக்கொண்டு ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடினாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஓரகத்தி மட்டும் சேமியா கிண்ணத்தோடு நின்று அவளையே பார்த்தாள்.

"இன்னாடி இது, வயசு கூட ஆவல, அதுக்குள்ள இந்த ஓட்டம் ஓடுது! எங்க தெருவுல ரெண்டு வயசுப் பையன் இன்னும் தவழ்ந்துகினு கீறான்."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஸ்பூன் நிறைய சேமியாவை வாயில் போட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் நடை திரும்பவில்லை. நிற்க வைத்தால் காலை மடக்கிக்கொண்டு அழுதாள். புத்தூர் டாக்டர் தொட்டுப் பார்த்து, முட்டியை ஆட்டிப் பார்த்து, "ஏம் காதம்மா. ஜரம் ஒச்சிந்தி கதா, காள்ள நொப்பி. அதே நடுஸ்துந்தி" என்றார். காய்ச்சலில் வந்த கால்வலி, பிள்ளை தானாக நடந்துவிடும், அவ்வளவுதான் அவர் சொன்னது. அவருக்கு என் ஓரகத்தியைத் தெரியாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "யாருன்னு தெரியும்ல? அவ காலடி மண்ணு எத்துகினு வா. உப்பு, மொளகா சேத்து சுத்தி அடுப்புல போட்டுர்லாம்" என்றார். எங்களில் அந்த வழக்கம் கிடையாது. இருந்தாலும் அவள் வீடு முழுக்க டைல்ஸ், மண்ணுக்கு எங்கே போவது? அதோடு மிளகாய் வெடிக்கிற சத்தம் அவள் காதுக்குக் கேட்கப் போவதில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளை என்ன செய்து என்ன பிரயோசனம்?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனில் பேசினேன். நிதானமாகச் சொன்னார். "தாயத்து, கறுப்புக் கயிறு எதுவும் கட்டாதம்மா. காலையிலயும் சாயந்திரம் மக்ரிபுக்கு அப்புறமும் ஆயத்துல் குர்ஸி ஓது. குல் சூரா மூணும் ஓதி கையில ஊதி புள்ள மேல தடவு. காப்பாத்துறவன் அல்லாஹ். டாக்டர் குடுத்த மருந்தையும் நிறுத்தாத."

"யாரு கண்ணு வெச்சதுன்னு எனக்குத் தெரியும் ஹஜ்ரத். அதுக்கு ஒன்னும் இல்லியா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு நபிகள் காலத்தில் நடந்ததைச் சொன்னார். ஒருவர் குளிக்கும்போது அவருடைய உடம்பின் நிறத்தைப் பார்த்து இன்னொருவர் வியந்து பேசினாராம். குளித்தவர் அங்கேயே விழுந்துவிட்டார். நபிகள் நாயகம் வியந்தவரைக் கடிந்துகொண்டார்கள், பரக்கத்துக்கு துஆ செய்திருக்கக்கூடாதா என்று. அவரை ஒளு செய்யச் சொல்லி, அதாவது தொழுகைக்கு முன் கழுவுவதுபோல் கை கால் முகம் கழுவச் சொல்லி, அந்தத் தண்ணீரை விழுந்தவர் மேல் ஊற்றச் சொன்னார்கள். அவர் எழுந்து நடந்தார். கழுவித் தரும்படி கேட்டால் மறுக்கக்கூடாது என்றும் இருக்கிறதாம்.

"ஆனா நிச்சயமா தெரியாம யார் மேலயும் பழி போடாதம்மா. சந்தேகம் பாவத்துல கொண்டாந்து வுட்டுரும்" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது நான் மனசுக்குள் தண்ணீர் பிடிக்க ஒரு பேசின் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எப்படிப்பட்ட வழி பாருங்கள். அவள் கழுவ வேண்டும், மறுக்கவும் கூடாது. என் கல்யாணத்தில் பெண் வீட்டு பிரியாணியில் எலும்புதான் இருக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டே சொன்னவள். கறுப்பாயிருக்கிற பெண்ணுக்கு இந்த ரோஸ் கலர் எதற்கு என்று என் தோழிகள் முன்னால் கேட்டவள். ஒவ்வொரு பெருநாளுக்கும் வெங்காயக் கூடையை என் முன்னால் தள்ளிவிட்டு மருதாணிக் கையை நீட்டிக்கொண்டு உட்காருகிறவள். அவள் என் முன்னால் குனிந்து காலைக் கழுவப் போகிறாள்.

போனில் கேட்டிருந்தால் தனியாகவே தந்திருப்பாள். அதில் எனக்கு என்ன ருசி? மாமனாரின் வருஷ ஃபாத்திஹா, அவர் இறந்த நாளில் அவருக்காக ஓதிச் சோறு போடுவது, நெருங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார்கள், சின்ன மாமியார், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று வீடு நிறைந்திருக்கும். அதுவரை பொறுத்தேன். காலையும் மாலையும் ஓதி ஊதினேன். அந்தச் சூராக்களில் ஒன்றான குல் அவூதில் பொறாமைக்காரன் பொறாமைப்படும்போது அவன் தீங்கிலிருந்து என்று வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சேமியா கிண்ணத்தோடு அவள் முகம் வந்து நின்றது. அந்த இடத்தை அழுத்தி ஓதினேன்.

புத்தூரில் பச்சை நிறப் பேசின் ஒன்று வாங்கினேன். வடமாலபேட்டை தாண்டும்போது பிள்ளை அந்தப் பேசின் விளிம்பில் தலை வைத்துத் தூங்கினாள். "திருப்பதியில பேசினே கெடைக்காதா?" என்று கணவர் கேட்டார். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஃபாத்திஹா ஓதி முடித்து, பெண்கள் எல்லோரும் உள்ளறையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசினை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

"அக்கா, கொஞ்சம் ஒளு செஞ்சி இதுல தண்ணி குடுங்க. புள்ள மேல ஊத்தணும்."

விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. நாத்தனார் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. மாமியார், "இன்னாடி பேசற நீ? நல்ல நாளும் அதுவுமா" என்றார். நான் ஓரகத்தியைத்தான் பார்த்தேன். அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் எழுந்தாள். பேசினை அவளே எடுத்துக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போய், முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மோதிரத்தைக் கழற்றினாள். தங்க வளையல்கள் இறுகிக் கிடந்தன, சோப்பு போட்டு ஒவ்வொன்றாக இழுத்து வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். வளையலுக்கு அடியிலும் தண்ணீர் படவேண்டும் அல்லவா? கையைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்குக்கும் முகத்துக்கும் தண்ணீர் விட்டு, முழங்கை வரை கழுவி, தலையைத் தடவி, காலைக் கழுவினாள். விரல் இடுக்குகளைக்கூட விடவில்லை. ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் எல்லாம் பேசினில் விழுந்தது.

பேசினை என் கையில் கொடுக்கும்போதுதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"என் வயித்துல ரெண்டு தடவ தங்காம போச்சே. ரெண்டு தடவையும் மாசமா கீறேன்னதும் நீதான் மொதல்ல வந்து பாத்துட்டு போன. நான் உன்கிட்ட தண்ணி கேட்டனா?"

பேசின் கையில் கனத்தது. பின்பக்கமிருந்து ஊற்றவேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னபடி பிள்ளையை மடியில் திருப்பி வைத்து ஊற்றினேன். திடுக்கிட்டு வீறிட்டாள். ஓரகத்தி ஈரக்கையை அவள் தலையில் வைத்து, "பாரகல்லாஹு ஃபீக்கி" என்றாள். அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும் என்று. ரம்ஜானன்று நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதைவிட நன்றாக அவளால் என்னைப் பழிவாங்கியிருக்க முடியாது.

சில நாட்களில் பிள்ளை கட்டில் காலைப் பிடித்து நின்றாள், பிறகு நடந்தாள். டாக்டர் சொன்னபடி தானாக நடந்தாளா, நான் ஓதியதாலா, தண்ணீராலா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்தான் என்றால் கண் பட்டது நிஜம், நான் ஜெயித்தேன். ஆனால் ஜெயித்த கையோடு அவளுக்கு நன்றி சொல்ல வேண்டிவரும். அதனால் கால்வலிதான் என்று வைத்துக்கொண்டேன்.

பக்ரீதுக்குப் போனபோது அவள் தயாராக இருந்தாள். பிள்ளை ஓடியது, "மாஷா அல்லாஹ்!" தெருவே கேட்கிற மாதிரி, என்னைப் பார்த்துக்கொண்டே. பிள்ளை கறித்துண்டைக் கடித்தது, மாஷா அல்லாஹ். தும்மியது, அதற்கும் மாஷா அல்லாஹ். நாத்தனார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

இந்த ரம்ஜானுக்குப் போனோம். கதவைத் திறந்தவள் அவள்தான். வயிறு நன்றாகத் தெரிந்தது. பல மாதமாகியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நாத்தனார்களுக்குத் தெரிந்திருக்கிறது, என் கணவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. கிடைத்த நல்லதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதும் கண்ணிலிருந்து தப்ப ஒரு வழிதான், அதுவும் மார்க்கம் சொல்வதுதான். அவர்கள் மறைத்தது என் ஒருத்தியிடமிருந்து.

அவள் கை தன்னையறியாமல் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடியது. பின்னால் மாமியார் நின்றிருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள், போன வருஷம் நான் அவள் வாயைப் பார்த்த மாதிரி.

"மாஷா அல்லாஹ்! பாரகல்லாஹு ஃபீக்கி அக்கா!" என்று நானும் தெருவே கேட்கச் சொன்னேன். அவளைவிடச் சத்தமாக. அவள் ஒரு கணம் தடுமாறிப்போனாள், அது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அன்று வெங்காயக் கூடையை அவளே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அதைப் பிடுங்கி உரித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மக்ரிப் நேரம் தாண்டியது. வழக்கம்போல ஓதி, கையில் ஊதி, மடியில் தூங்கும் பிள்ளையின் தலையிலிருந்து கால் வரை தடவினேன். பொறாமைக்காரன் என்ற இடத்தில் அவள் முகம் வந்தது. சேமியா கிண்ணம் இல்லை, துப்பட்டாவை இழுத்த கைதான் இருந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து ஓதினேன். ஜன்னல் கண்ணாடியைத் தள்ளி, திருப்பதிப் பக்கமாகத் திரும்பி ஊதினேன்.

"இன்னா பண்ற?" என்றார் கணவர்.

"ஒன்னுமில்ல, தூசி" என்று சொல்லிக் கண்ணாடியை மூடினேன்.