இடுப்பில் முடிந்த மஞ்சள் அரிசி

என் வீட்டுக்காரர் ஆறுமுகத்தைத் தோட்டத்துக் கேட்டில் வைத்துப் பிடித்தார்கள். அவர் இடுப்பில் ஒரு பிடி அரிசி இருந்தது. அதைக் கட்டிவிட்டவள் நான்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. சுங்கை காடுட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால் மரம் வெட்டினோம், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, காலையில் வேலைக்குப் போகும்போது போலீஸார் எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். அரிசி அகப்பட்டால் சிறை. இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு. அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? கைக்குழந்தையாக இங்கே வந்தவர் அவர்.

தெரிந்துமா கட்டிவிட்டாய் என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் பண்டாரய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பகலில் அவர் தோட்டத்து ஸ்டோரில் பாலை உறைய வைத்து ரப்பர் ஷீட் போடுவார். சாயந்தரம் சாதகம் பார்ப்பார். அவருடைய அப்பா மாரியம்மன் கோயில் பூசாரி. அதனால் சாதகம் பார்ப்பதும் அவருக்குப் பூசைதான். குளிக்காமல் பஞ்சாங்கத்தைத் தொட மாட்டார். சூடம் ஏற்றி, ஆத்தாளிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் கட்டத்தைப் பார்ப்பார். சாவைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். "கிரகமெல்லாம் அவ வாசல்ல நிக்கிற வேலைக்காரங்க தாயி. அவங்ககிட்ட சேதி கேக்கலாம். கெஞ்சணும்னா உள்ள இருக்கிறவகிட்டதான் கெஞ்சணும்" என்பார்.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் சாதகத்தைப் பார்த்தவர் முகம் சுருங்கிப்போனது. "பிரிவு காட்டுது" என்றார். கெட்டது சொன்னால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். பூசாரி வீட்டுப் பழக்கம். ஆத்தா காலடியில் வைத்திருந்த மஞ்சள் அரிசியை ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். "அவன் ஒடம்புலயே இருக்கட்டும்."

அது அரிசி என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது ஆத்தா.

கேட்டில் முடிச்சை அவிழ்த்தபோதுதான் அது அரிசியாக மாறியது. "சாமி அரிசி, சாமி அரிசி" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். லாரியில் ஏற்றிவிட்டார்கள். வரிசையில் நின்ற நான் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள்.

அன்றைக்கு எங்கள் அடுப்பு எரியவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை. என்னோடு பேசினால் அவர்களையும் சந்தேகப்படுவார்களே. பக்கத்து வீட்டு அஞ்சலை மட்டும் கதவோரம் நின்று, "சாமி காப்பாத்தும்னு கட்டிவிட்ட. சாமியே காட்டிக் குடுத்துருச்சு பாத்தியாடி" என்றாள். அவள் பொல்லாதவள் இல்லை, பயந்தவள். ஆனாலும் அந்தச் சொல் என் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. பிரிவு என்று சாதகம் சொன்னது. அந்தப் பிரிவை நானே இடுப்பில் கட்டி அனுப்பியிருக்கிறேன். இனி எதைப் பிடித்துக்கொள்வது?

கோயிலுக்குப் போனேன். பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டுதல் எதுவும் வரவில்லை. "ஒன்னை நம்பித்தானே கட்டினேன்? நீ என்னா செய்யிற?" என்று திட்டினேன். என் பிரார்த்தனை அவ்வளவுதான்.

அங்கிருந்து நேரே பண்டாரய்யா வீட்டுக்குப் போனேன். "நீங்க குடுத்த அரிசிதான்யா" என்றேன். உடனே எழுந்தார். குளித்தார், திருநீறு பூசினார், சட்டையைப் போட்டார். "என் கையால குடுத்தது. நானே போய் சொல்றேன்."

நானும் கூடவே நடந்தேன். வழியில் ஒருத்தன், "என்னா பண்டாரம், ஒன் சாதகத்துல இன்னைக்கி போலீசு வூடுன்னு போட்டிருக்கா?" என்று கிண்டல் பண்ணினான்.

"இன்னும் பாக்கலடா. பாத்தா பயம் வந்துரும்லா."

ஸ்டேஷனில் வெள்ளைக்கார அதிகாரி அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அரிசி அரிசிதான், கொடுத்தவனையும் உட்கார வை என்றார். பண்டாரய்யா தரையில் உட்கார்ந்தார். ஒருவரை மீட்கப் போய் இன்னொருவரையும் உள்ளே தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் அங்கே இருந்த மலாய் சார்ஜென்ட் மேசையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தார். விரலால் கிளறினார். மஞ்சள் ஒட்டிக்கொண்டது. "பெராஸ் குஞ்ஞிட்" என்றார். மலாயில் மஞ்சள் அரிசி. தன் மகள் கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இதைத்தான் தூவினோம், ஆசீர்வாதத்துக்கு வைப்பது, இதை யாரும் பொங்கித் தின்ன மாட்டார்கள் என்று அதிகாரியிடம் நிதானமாக எடுத்துச் சொன்னார். நான் யாரைத் திட்டிவிட்டு வந்தேனோ அவள்தான் அந்த மனிதரின் வாயில் வந்து உட்கார்ந்தாள். அப்படித்தான் நம்புகிறேன். பண்டாரய்யாவைக் கண்டித்து அன்றே விட்டார்கள். விசாரணை முடிந்து சில நாளில் என் வீட்டுக்காரரும் வந்தார்.

வந்தவர் பழைய ஆள் இல்லை. பல மாதம் பேச்சே கிடையாது. கதவு தட்டினால் மூலையில் போய் நிற்பார். பிடிபட்ட மற்ற சிலர் திரும்பி வரவே இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்களும் ஆத்தாளைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு இரங்கியவள் அவர்களுக்கு ஏன் இரங்கவில்லை என்று பண்டாரய்யாவிடம் கேட்டேன். "கட்டத்துல அதெல்லாம் இல்ல தாயி. எனக்குத் தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதனால்தான் அவர் சொன்ன மற்றதையும் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு யார் வீட்டு ஆளைப் பிடித்தாலும், அந்தப் பெண்ணோடு ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார ஆரம்பித்தேன். எனக்குத் துணையாக முதலில் வந்தவள் அஞ்சலை.

பிள்ளைகளே, ஆத்தாளைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வரவில்லையென்றால் திட்டியாவது கூப்பிடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். தனியாகக் கூப்பிடப் பயமாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.