வெள்ளிக்கிழமை யன்னல்கள்

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. எங்கள் ஒழுங்கை வீடுகளின் யன்னல் கம்பிகளைத் தொட்ட கையை எத்தனை தரம் கழுவினாலும் துருவின் வாசனை சாப்பாட்டுக் கோப்பை வரைக்கும் கூடவே வரும். பதினொரு வயதில், பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைக் காலைகளில், அந்தக் கம்பிகளில் வளைத்திருந்த இரும்புப் பூக்களின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவத்தை எடுப்பதும், அந்தந்த வீட்டுக்காரர் சொன்னதை அதன் கீழே எழுதுவதும், திகதி போட்டுக் கொப்பியில் ஒட்டுவதும் என் வேலை.

“இது கள்ளனுக்குப் போட்ட கம்பியில்லைப் பிள்ளை, பிந்தி வாற என்ர மனுசனுக்குப் போட்டது” என்று மூலைவீட்டு அன்ரி சொன்னதையும் அப்படியே எழுதியிருந்தேன்.

திகதியை எங்கள் வீட்டு நாட்கலண்டரைப் பார்த்துத்தான் போடுவேன். அம்மாவோ, “விளக்கு வைச்சிட்டுத்தான் கிழிக்கிறது, இப்ப கை வைக்காதை” என்று முதல் நாளின் தாளை மறுநாள் மாலையில்தான் கிழிப்பார். அதனால் காலையில் நான் பார்த்து எழுதியதெல்லாம் முதல் நாளின் திகதி. இது பல வருடங்கள் கழித்தே எனக்கு உறைத்தது.

மேல்வீட்டு அண்ணை அப்போது கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தார். கொப்பியைப் புரட்டியவர், “படமும் கதையும் வீடும் ஒரே பக்கத்தில கிடக்கு. ஒரு கிழமைக்குத் தா பிள்ளை. புத்தகம் போட்டால் உன்ர பேர்தான் முன்னுக்கு” என்றார். கொடுத்தேன். அடுத்த மாதமே வெளிநாடு போய்விட்டார். ஓவியம், இலக்கியம், கட்டடக்கலை மூன்றையும் இணைத்துக் கற்பிக்கும் பேராசிரியராகிவிட்டார் என்று பின்னாளில் கேள்விப்பட்டபோது, கொப்பியை மறந்து பெருமைகூடப் பட்டேன்.

போன மாதம் பம்பலப்பிட்டியில் அவருடைய புத்தக வெளியீடு. திரையில் என் தாள்கள், என் கையெழுத்து. “மாணவனாக நான் சேகரித்தவை” என்றார். அன்ரியின் பகிடிக்குச் சபை சிரித்தது. திகதிகளைக் கணித்துப் பார்த்ததில் அத்தனையும் வெள்ளிக்கிழமைகள் என்றும், வெள்ளிக்கிழமைகளில்தான் தமிழ் வீடு தெருவுக்குத் தன்னைத் திறக்கிறது என்றும் விளக்கினார். அதற்கு ஒரு முழு அத்தியாயம்.

கூட்டம் முடிந்ததும் அருகில் போனேன். “அண்ணை, அது என்ர கொப்பியெல்லோ?”

“ஓ, கீழ்வீட்டுப் பிள்ளை! நீதானே எனக்குப் பென்சில் சீவித் தாறனி?” என்று சிரித்துக்கொண்டே, புத்தகத்தில் கையெழுத்திட்டு, கவனமாக அன்றைய திகதியும் போட்டுத் தந்தார்.

ஒழுங்கையில் இன்று அடுக்குமாடிகள். துருப்பிடிக்காத அலுமினிய யன்னல்கள். அம்மாவும் இல்லை, மூலைவீட்டு அன்ரியும் இல்லை. அவருடைய வெள்ளிக்கிழமைகளெல்லாம் சனிக்கிழமைகள் என்று அறிந்தவள் இனி நான் ஒருத்திதான். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.